கரண்ட் இல்லாவிட்டாலும் புரோகிராம் எழுதலாம்: ஒரு நோட்டு, ஒரு போன், இரண்டரை வீசை வெங்காயம்

ரங்கூனில் புரோகிராம் கற்றுக்கொள்ள நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் வந்து முதலில் கேட்பது, "அண்ணே, எந்த லேப்டாப் வாங்கணும்?" என்பதுதான். ஒன்றும் வாங்க வேண்டாம். ஒரு கோடு போட்ட நோட்டு, பென்சில், அழிரப்பர் போதும். அப்புறம் ஏற்கெனவே கையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போன், அதுவும் இரண்டாவது வாரத்தில்தான் வேண்டும்.

இது கஞ்சத்தனம் இல்லை. நான் கற்றபோது ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டி மூன்று மாதம் போனேன், பாதி நாள் கரண்ட் இருக்காது, இருக்கிற நாளில் ஆசிரியர் திரையில் காட்டியதை எழுத்து மாறாமல் அடித்துவிட்டு வருவோம், ஓடும், கை தட்டுவோம், வீட்டுக்கு வந்தால் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிறகு மாமாவின் மளிகைக் கடையில் கணக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கணக்குப் பிள்ளை மனதுக்குள் செய்வதைத்தான் கணினியும் செய்கிறது, ஒவ்வொரு வரியாக, மேலிருந்து கீழாக, சொன்னதை மட்டும். அதை நம் தலைக்குள் ஓட்டிப் பார்க்கத் தெரிந்தால் மொழி எதுவானாலும் சமாளிக்கலாம். தலைக்குள் ஓட்டிப் பழக காகிதத்தை விட நல்ல இடம் கிடையாது.

முதலில் ஒரு வரி விளக்கம். ஸ்கிரிப்ட் மொழி என்றால், நீங்கள் எழுதியதை முன்கூட்டியே மொத்தமாக இயந்திர மொழிக்கு மாற்றி வைக்க நீங்கள் மெனக்கெடாமல், எழுதிய உடனே ஓட்டிப் பார்க்கக்கூடிய மொழி. பைத்தான் அப்படிப்பட்டது, ஜாவாஸ்கிரிப்ட் அப்படிப்பட்டது. நாம் போய்ச் சேரப்போவது பைத்தான். 1991-இல் கீடோ வான் ரோசம் வெளியிட்ட மொழி, இன்றைக்கும் ஆரம்பப் பாடத்துக்கு அதைத்தான் நான் சொல்வேன். ஆனால் நோட்டுப் பாடத்தை எழில் என்ற மொழியில் தொடங்குவோம். முத்து அண்ணாமலை உருவாக்கிய திறமூல மொழி அது, பைத்தானிலேயே எழுதப்பட்டது, கட்டளைச் சொற்கள் எல்லாம் தமிழ். அதை நிறுவக்கூட வேண்டாம், நாம் காகிதத்தில்தானே எழுதுகிறோம்.

இதோ முதல் நிரல் (புரோகிராமுக்குத் தமிழ்ப் பெயர்):

வீசை = 2.5
கிலோ = வீசை * 1.633
பதிப்பி வீசை, "வீசை என்றால்", கிலோ, "கிலோ"

பர்மா வீசை 1.633 கிலோ. (பழைய சென்னை வீசை சுமார் 1.4 கிலோதான், தாத்தாவோடு சண்டைக்குப் போகாதீர்கள், இரண்டு பேரும் சரி.) முதல் வரியில் உள்ள சமக்குறியைப் பள்ளிக்கூடக் கணக்கில் வரும் சமக்குறி என்று எண்ண வேண்டாம். கடை வாசலில் இருப்பு எழுதும் சிலேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் இருப்பதைக் கணக்குப் போட்டு, இடப்பக்கம் இருக்கிற பெயருக்கு நேரே எழுது, பழைய எண் இருந்தால் அழித்துவிட்டு எழுது. அவ்வளவுதான். இந்தப் பெயரிட்ட இடத்துக்கு மாறி என்று பெயர். இரண்டாவது வரியில் உள்ள நட்சத்திரக் குறி பெருக்கல், மூன்றாவது வரியில் "பதிப்பி" என்றால் திரையில் காட்டு. மேற்கோள் குறிக்குள் இருப்பது அப்படியே வெளியே வரும், குறி இல்லாமல் எழுதினால் சிலேட்டில் அந்தப் பெயருக்கு நேரே என்ன இருக்கிறதோ அது வரும். மூன்றாவது வரி என்ன காட்டும் என்று, பார்க்காமல், நோட்டில் எழுதுங்கள். 4.0825 வந்ததா? வந்தால் ஒரு நிரலை ஓட்டிவிட்டீர்கள், கரண்ட் இல்லாமல்.

அடுத்தது நிபந்தனை. சூரத்தி பஜார் பக்கம் மொத்த வியாபாரம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல, அதிகம் எடுத்தால் வீசைக்கு விலை குறையும். விலை நான் சும்மா போட்டது, >= என்றால் சமம் அல்லது அதிகம்:

@( வீசை >= 10 ) ஆனால்
    விலை = 2800
@( வீசை >= 5 ) இல்லைஆனால்
    விலை = 2900
இல்லை
    விலை = 3000
முடி

எழிலில் எனக்குப் பிடித்த இடம் இது. நிபந்தனை முதலில் வருகிறது, "ஆனால்" பின்னால் வருகிறது, "மழை பெய்தால்" என்று நாம் சொல்வது போலவே. பைத்தானில் ஆங்கிலம் போல "இஃப்" முன்னால் வந்து நிற்கும். இப்போது ஒரு வேலை செய்யுங்கள்: 10 இருக்கும் பகுதியையும் 5 இருக்கும் பகுதியையும் இடம் மாற்றி எழுதி, 12 வீசை வாங்குகிறவருக்கு என்ன விலை என்று ஓட்டிப் பாருங்கள். 12 என்பது 5-ஐ விடவும் பெரியது, அதனால் முதல் கதவிலேயே உள்ளே போய்விடுவார், 2900 கொடுப்பார், 10 வீசைக் கதவை யாரும் திறக்கவே மாட்டார்கள். கணினி பிழை எதுவும் சொல்லாது. வாடிக்கையாளர்தான் சொல்வார்.

இனி சுழல். பாதிப் பேர் இங்கேதான் கழன்றுகொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். கடையில் 10 மூட்டை அரிசி, ஒரு நாளைக்கு 3 மூட்டை போகிறது:

நாள் = 1
மூட்டை = 10
@( மூட்டை > 0 ) வரை
    பதிப்பி நாள், "ஆம் நாள் இருப்பு", மூட்டை
    மூட்டை = மூட்டை - 3
    நாள் = நாள் + 1
முடி
பதிப்பி "கடைசி இருப்பு", மூட்டை

நோட்டில் மூன்று பத்தி கட்டுங்கள்: நாள், மூட்டை, திரையில் வந்தது. ஒவ்வொரு வரியாகப் பென்சிலை வைத்து நகர்த்துங்கள். "முடி" வந்ததும் பென்சில் மேலே @ இருக்கும் வரிக்குத் திரும்ப வேண்டும், மறுபடி கேட்க வேண்டும்: மூட்டை பூஜ்யத்தை விடப் பெரியதா? பெரியது என்றால் உள்ளே போ, இல்லை என்றால் "முடி"க்குக் கீழே குதி. முதல் நாள் 10, இரண்டாம் நாள் 7, மூன்றாம் நாள் 4, நான்காம் நாள் 1. சரி, 1 பூஜ்யத்தை விடப் பெரியதுதான், உள்ளே போகிறோம், 3 கழிக்கிறோம். கடைசி இருப்பு: மைனஸ் 2.

எந்தக் கடையிலாவது மைனஸ் இரண்டு மூட்டை அரிசியைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பையன் "நாளைக்கு வரும் சரக்கில் கடன்" என்றான், நல்ல வியாபாரியாக வருவான். ஆனால் நமக்குத் தேவை அது இல்லை. "மூட்டை > 0" என்பதை "மூட்டை >= 3" என்று மாற்றி மறுபடி ஓட்டுங்கள், 10, 7, 4 என்று காட்டிவிட்டு 1-இல் நிற்கும். சுழல் எழுதும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான், கடைசிச் சுற்றில் என்ன நடக்கிறது? முதல் சுற்று எல்லோருக்கும் சரியாக வரும். அப்புறம், மூட்டையிலிருந்து 3 கழிக்கும் அந்த வரியை எழுத மறந்தால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். பென்சில் தேயும், சுழல் முடியாது. போனில் இப்படி நடந்தால் நிறுத்தும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான், போன் கெடாது.

கடைசியாக நிரல்பாகம். அடிக்கடி செய்யும் வேலைக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் பிறகு பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம்:

நிரல்பாகம் கிலோவாக்கு( வீ )
    பின்கொடு வீ * 1.633
முடி
பதிப்பி கிலோவாக்கு( 4 )

விடை 6.532. "பின்கொடு" என்பது வேலைக்காரப் பையன் கையில் விடையைக் கொண்டுவந்து கொடுப்பது, "பதிப்பி" என்பது சத்தமாகச் சொல்வது. சத்தமாகச் சொன்னால் காதில் விழும், ஆனால் கையில் ஒன்றும் இருக்காது, அதை வைத்து அடுத்த கணக்குப் போட முடியாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு.

இந்த நான்கும் நோட்டில் தடுமாறாமல் வந்தால் இரண்டாவது வாரம் போனை எடுங்கள்.

பைட்ராய்டு 3 என்ற ஆப் இருக்கிறது, நெட் நன்றாக இருக்கும் ஒரு நாளில் இறக்கி வைத்துக்கொண்டால் போதும், பிறகு நெட் இல்லாமலே பைத்தான் ஓடும். எழிலில் எழுதியதை எல்லாம் இப்போது பைத்தானுக்கு மாற்றப்போகிறோம், கட்டளைச் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில், எல்லாமே சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும். பதிப்பிக்குப் பதில் பிரிண்ட், காட்ட வேண்டியதை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். ஆனால் என்பதற்கு இஃப், இல்லை என்பதற்கு எல்ஸ். இல்லைஆனால் என்பதற்கு எலிஃப், அதாவது ஈ, எல், ஐ, எஃப், நான்கே எழுத்து, எல்ஸ் இஃப் என்று முழுதாக அடித்தால் திட்டும். வரை என்பதற்கு வைல். நிரல்பாகத்துக்கு டெஃப், டி, ஈ, எஃப். பின்கொடுவுக்கு ரிட்டர்ன். @ குறி வேண்டாம், "முடி"யும் வேண்டாம்.

"முடி" இல்லாவிட்டால் எங்கே முடிகிறது என்று பைத்தானுக்கு எப்படித் தெரியும்? வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியை வைத்து. இஃப், எலிஃப், எல்ஸ், வைல், டெஃப் வரிகளின் கடைசியில் ஒரு முக்காற்புள்ளி, அதற்குக் கீழே உள்ளே அடங்கும் வரிகளை எல்லாம் நான்கு இடம் தள்ளி எழுத வேண்டும், தள்ளல் எங்கே நிற்கிறதோ அங்கே உள்பகுதி முடிந்தது. எழிலில் அழகுக்காகத் தள்ளி எழுதினோம், இங்கே அது இலக்கணம்.

மாறிப் பெயர்களை மாற்ற வேண்டியதில்லை. பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும், வீசை, மூட்டை, கிலோவாக்கு எல்லாம் அப்படியே ஓடும். கீபோர்டை மாற்றி மாற்றி அடிப்பது சலிப்பாக இருக்கும், உண்மைதான். ஆனால் முதல் மாதம் எது மொழியின் சொல், எது நாம் வைத்த பெயர் என்று கண்ணாலேயே பிரித்துப் பார்க்க முடிகிறதே, அதற்காக நான் இதை விடமாட்டேன்.

பிழை வந்தால் பயந்து ஆப்பை மூடுகிறவர்கள் அதிகம். சிவப்பில் பத்து வரி வரும், முதலில் கடைசி வரியைப் படியுங்கள். என்ன பிழை என்பது அங்கே இருக்கும், எத்தனையாவது வரி என்பது அதற்குச் சற்று மேலே இருக்கும். நேம் எரர் என்றால் அந்தப் பெயர் சிலேட்டில் இல்லை, பெரும்பாலும் எழுத்துப்பிழை, அல்லது வேறு ஆப்பில் எழுதி ஒட்டும்போது போன் தானாகவே பிரிண்ட்டின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கியிருக்கும். இன்டென்டேஷன் எரர் என்றால் தள்ளல் சரியில்லை. சின்டாக்ஸ் எரர் என்றால் பைத்தான் காட்டும் வரியை மட்டும் முறைத்துக்கொண்டிருக்காமல் அதற்கு மேல் வரியையும் பாருங்கள், அங்கே ஓர் அடைப்புக்குறி மூடப்படாமல் கிடக்கும். மெசெஞ்சரிலோ வைபரிலோ நண்பன் அனுப்பியதை நகலெடுத்து ஒட்டினால் மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறி வந்திருக்கலாம், பைத்தானுக்கு நேர் குறிதான் புரியும், அழித்துவிட்டுக் கையால் அடியுங்கள். பழைய பாடங்களில் பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி இல்லாமல் இருந்தால் அது பைத்தான் 2, அதற்கான ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது, அந்தப் பாடத்தை விட்டுவிடுங்கள்.

பிழையே சொல்லாமல் தவறாக ஓடுவதுதான் ஆபத்து. நான் மாமாவுக்கு எழுதிய முதல் பில் நிரலில், விலையை இன்புட் என்ற கட்டளையால் வாங்கினேன், 3000 என்று அடித்தேன், அதை 2 வீசையால் பெருக்கினேன். வந்த தொகை 30003000. மூன்று கோடி கியாட்டுக்கு மேல், இரண்டு வீசை வெங்காயத்துக்கு. மாமா பில்லைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, டீ குடிக்கப் போய்விட்டார். நடந்தது என்னவென்றால், இன்புட் எதை வாங்கினாலும் எண்ணாக இல்லாமல் எழுத்துச் சரமாகத்தான் கொடுக்கும், சரத்தை இரண்டால் பெருக்கினால் பைத்தான் அதை இரண்டு முறை ஒட்டிவைக்கும். இன்புட்டைச் சுற்றி இன்ட் என்று போட்டு, அதாவது ஐ, என், டி, அடைப்புக்குறி, உள்ளே இன்புட், எண்ணாக மாற்ற வேண்டும். இரண்டரை வீசை போலப் புள்ளி வரும் எண் என்றால் ஃப்ளோட்.

இந்த இன்ட்டுக்கு இன்னொரு வித்தை தெரியும். பர்மிய எண்ணால் ஐந்து என்று அடித்தாலும் அதை 5 ஆக்கிக் கொடுக்கும், தமிழ் எண்ணான ௫ அடித்தாலும் கொடுக்கும். எங்கள் கடையில் பாதிப் பேர் பர்மிய எண்ணில்தான் எழுதுவார்கள், எனக்கு அது பெரிய உதவி. ஆனால் ௰ என்று பத்தை அடித்தால் வேல்யூ எரர் வரும், ஏனென்றால் அது இடமதிப்பு முறையில் வரும் இலக்கம் இல்லை. நிரலுக்குள்ளேயே நேரடியாக ௫ என்று எழுதவும் முடியாது, வெளியிலிருந்து வாங்கும்போது மட்டும்தான் இந்தச் சலுகை.

எழுத்து என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், தமிழில் நிரல் எழுதுகிறவர்கள் கட்டாயம் ஒருநாள் இதில் முட்டிக்கொள்வார்கள். நீளம் கேட்க லென் என்று ஒரு கட்டளை, எல், ஈ, என். அதற்குள் "ரங்கூன்" என்று கொடுத்தால் எவ்வளவு வரும்? ர, ங், கூ, ன், நான்கு என்பீர்கள். பைத்தான் 7 என்னும். ங என்பதும் அதன் புள்ளியும் இரண்டு, க என்பதும் ஊகாரக் குறியும் இரண்டு, ன என்பதும் புள்ளியும் இரண்டு, முன்னால் ஒரு ர. எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் ஓர் எண் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோடில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். பெயர்ப் பட்டியலை அழகாகக் கட்டம் கட்டி அச்சிட முயன்று கோணலாக வந்தால் காரணம் இதுதான். நாம் எண்ணுவது போலவே எழுத்தைப் பிரிக்க ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் தொகுப்பு இருக்கிறது, எழிலைச் செய்த அதே கூட்டம்தான் அதையும் செய்தது.

இங்கே இருக்கிறவர்களுக்கு ஜாவ்ஜி தொல்லை நினைவிருக்கும், யூனிகோடோடு ஒத்துப்போகாத பழைய பர்மிய எழுத்துரு அது. ஒரே செய்தி ஒரு போனில் சரியாகவும் இன்னொரு போனில் கந்தரகோளமாகவும் தெரிந்த காலம், 2019 அக்டோபர் 1-இல் நாடு யூனிகோடுக்கு மாறும்வரை அப்படித்தான் ஓட்டினோம். ஜாவ்ஜியில் சேமித்த பழைய வாடிக்கையாளர் பட்டியல் கையில் இருந்தால் அதில் ஒரு பெயரைத் தேடும் நிரல் எழுதிப் பாருங்கள், கண்ணுக்கு முன்னால் இருக்கும் பெயரை இல்லை என்று சொல்லும், ஏனென்றால் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் உள்ளே எண்கள் வேறு. தமிழில் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோயில் அழைப்பிதழ்களுக்கும் இதே கதை. நிரலைக் குறை சொல்லும் முன் தரவை மாற்றுங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். பல பொருள்களை ஒரே பெயரில் வைக்க சதுர அடைப்புக்குறிக்குள் பட்டியல் போடலாம், எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும், முதல் பொருள் பூஜ்யமாவது பொருள். எண்ணி எண்ணிச் சுற்றும் ஃபார் சுழலில் ரேஞ்ச் 1, 5 என்று கொடுத்தால் 1 முதல் 4 வரைதான் வரும், 5 வராது, பழகிவிடும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும், பைத்தான் பைத்தியம் இல்லை, கணினி உள்ளே பயன்படுத்தும், 0-வும் 1-உம் மட்டுமே உள்ள இரண்டடிமான எண்ணில் 0.1-ஐச் சரியாக எழுத முடியாது. பணக் கணக்கை முழு எண்ணிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கியாட்டுக்குக் கீழே யார் சில்லறை கேட்கிறார்கள்? ஒரு கட்டளை மறந்துவிட்டால் ஹெல்ப் என்று அடித்து அடைப்புக்குறிக்குள் அதன் பெயரைக் கொடுங்கள், நெட் இல்லாமலே விளக்கம் வரும், ஆங்கிலத்தில்தான்.

மூன்றாவது வாரத்துக்கு ஒரு வேலை தருகிறேன், என் மாணவர்கள் எல்லோரும் செய்தது. நம் நேரம் இந்திய நேரத்தை விட ஒரு மணி முன்னால். ரங்கூன் மணியைக் கொடுத்தால் சென்னை மணியைத் திருப்பித் தரும் ஒரு நிரல்பாகம் எழுதுங்கள், இருபத்து நான்கு மணிக் கணக்கில். எல்லோரும் ஒன்றைக் கழித்துவிட்டுச் சிரிப்பார்கள். இரவு 12 மணி தாண்டியதும், அதாவது பூஜ்ய மணிக்கு, ஓட்டச் சொல்வேன், சென்னையில் மைனஸ் ஒரு மணி என்று வரும். நோட்டை எடுத்து மறுபடி பென்சிலால் ஓட்டுங்கள். இஃப் போட்டும் தீர்க்கலாம், கழித்த விடையை 24-ஆல் வகுத்து மீதத்தை எடுத்தும் தீர்க்கலாம், மீதத்துக்குச் சதவீதக் குறிதான் அடையாளம், மைனஸ் ஒன்றுக்கு மீதம் எடுத்தால் பைத்தான் 23 என்று சரியாகச் சொல்லும். இஃப் போட்டவர்கள் வெட்கப்பட வேண்டாம், நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன், அந்த நிரல் இன்னும் மாமா கடைப் போனில் ஓடிக்கொண்டிருக்கிறது, காரைக்குடிக்குப் போன் போடும் முன் அத்தை அதில்தான் மணி பார்ப்பார்.